நுரையீரல்ல கேக்குற ஈஜிஎஃப்ஆர் மாத்திரை மூளைக்கட்டியில ஏன் கேக்க மாட்டேங்கு?

கேள்வி கேட்ட தம்பிக்கு ஊரு கல்லிடைக்குறிச்சி. அவரு பெரியப்பாவுக்கு 58 வயசு, போன மாசம் மூளையில ஆபரேஷன் ஆயிருக்கு, பயாப்சி ரிப்போர்ட்ல கிளையோபிளாஸ்டோமா (வேகமா வளருத மூளைக்கட்டி) கிரேடு 4, ஐடிஹெச் வைல்ட்டைப் (ஐடிஹெச் ஜீன்ல மாற்றம் இல்ல), ஈஜிஎஃப்ஆர் ஆம்ப்ளிஃபைடு, எம்ஜிஎம்டி அன்மெத்திலேட்டட்னு வந்திருக்கு. அதே தெருவுல ஒரு ரிட்டயர்டு டீச்சருக்கு நுரையீரல் கேன்சர், அவங்க ரிப்போர்ட்லயும் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ், தினம் ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு மூணு வருஷமா நல்லா நடமாடிக்கிட்டு இருக்காங்க. "அந்த மாத்திரைய ஏன் எங்க பெரியப்பாவுக்கு எழுத மாட்டேங்காங்க, தெரியலையா, இல்ல இவங்களால வாங்க முடியாதுன்னு நினைச்சுட்டாங்களா"ன்னு கேக்காரு.

தம்பி, ரெண்டும் இல்ல. அந்த மாத்திரைய மூளைக்கட்டிக்கும் குடுத்துப் பாத்தாச்சு, ஒருதடவ இல்ல பலதடவ, கேக்கல. ஏன் கேக்கலங்கிறதுதான் சொல்ல வேண்டிய கத, கொஞ்சம் நீளும், பொறுமையா படிங்க. நான் டாக்டர் இல்லன்னு மொதல்லயே சொல்லிருதேன். பாளையங்கோட்டையில காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி எடுக்கேன், அதுக்கு முன்னால பதினோரு வருஷம் பெங்களூர்ல ஒரு லேப்ல மூளைக்கட்டி செல்ல வளத்து அதுமேல மருந்த ஊத்தி எது செத்துச்சு எது சாகலன்னு எண்ணிக்கிட்டு கெடந்தவன்.

ஈஜிஎஃப்ஆர்னா என்னன்னு மொதல்ல பாத்துருவோம். ஈஜிஎஃப்னு ஒரு சின்ன புரோட்டீன், ஸ்டான்லி கோஹன்னு ஒருத்தர் எலியோட எச்சில் சுரப்பியில இருந்து எடுத்தாரு, அத பொறந்த எலிக்குட்டிக்கு ஊசி போட்டா கண்ண வழக்கத்துக்கு முன்னாலயே தொறந்துருமாம், அப்படித்தான் மாட்டுச்சு. 1986ல அவருக்கும் ரீட்டா லெவி மோன்டால்சினிக்கும் நோபல் குடுத்தாங்க. அந்த ஈஜிஎஃப் வந்து ஒட்டுற எடம்தான் ஈஜிஎஃப்ஆர், செல்லோட தோல்ல குத்தி வச்ச ஆன்டெனா மாரி, பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும் பாதி உள்ள இருக்கும். வெளிய ஈஜிஎஃப் வந்து ஒட்டுச்சுன்னா ரெண்டு ஆன்டெனா பக்கத்துல பக்கத்துல சேந்து நிக்கும், உள்பக்கம் இருக்க கைனேஸ்ங்கிற மோட்டார் ஓட ஆரம்பிக்கும், "வளரு, பெருகு, சாகாத"ன்னு உள்ள தகவல் போகும். வேல முடிஞ்சதும் செல்லு அந்த ஆன்டெனாவ உள்ள இழுத்து அழிச்சிரும். நம்ம வயக்காட்டு மடை மாரின்னு வச்சிக்கிடுங்க, தண்ணி வேணும்னா ஷட்டர தூக்கணும், போதும்னா எறக்கணும்.

கிளையோபிளாஸ்டோமாவுல ஏறக்குறைய பாதி பேருக்கு இந்த ஆன்டெனாவ உருவாக்குத ஜீனு ரெண்டு காப்பி இருக்க வேண்டிய எடத்துல பத்து, அம்பது, நூறுன்னு பெருகிக் கெடக்கும். அதத்தான் ஆம்ப்ளிஃபைடுன்னு எழுதியிருக்காங்க. அப்படி பெருகுனவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்கு இன்னொரு கோளாறும் சேந்துக்கிடும், ஜீனோட 2ல இருந்து 7 வரைக்கும் உள்ள எக்ஸான் (ஜீனோட துண்டுங்க) அறுந்து போயி, வெளிய நீட்டிக்கிட்டு இருக்க பாகத்துல 267 அமினோ ஆசிட் இல்லாத ஒரு மொட்ட ஆன்டெனா உருவாகும், வேரியன்ட் த்ரீன்னு பேரு. இதுக்கு ஈஜிஎஃப் வந்து ஒட்டவே முடியாது, ஆனா மோட்டார் மட்டும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், ஷட்டர் துருப்பிடிச்சு தூக்குன நெலையிலயே மாட்டிக்கிட்ட மடைதான்.

இப்ப டீச்சரம்மா விஷயத்துக்கு வருவோம். நுரையீரல்ல ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்னு சொல்லுதது வேற எடத்துல உள்ள கோளாறு, உள்ள இருக்க மோட்டார்லயே, 19வது எக்ஸான்ல கொஞ்சம் அறுந்துருக்கும் இல்லேன்னா 21வது எக்ஸான்ல ஒரு எழுத்து மாறியிருக்கும். ஈஜிஎஃப்ஆர அடக்குத ஜெஃபிடினிப், எர்லோடினிப் மாத்திரைங்க போயி உக்காருத குழி அந்த மோட்டார்லதான் இருக்கு, கோளாறான மோட்டார்ல நல்ல மோட்டார விட இறுக்கமாவே போயி ஒட்டும். அதோட அந்த நுரையீரல் செல்லு அந்த ஒரே மோட்டார நம்பித்தான் பொழைக்கும், அத நிறுத்துனா பொத்துன்னு விழுந்துரும். மூளைக்கட்டியில கோளாறு வெளிப்பக்கம், உள்ள இருக்க மோட்டார் அச்சு அசல் நல்ல மோட்டார், ஆனா அது நிக்கிற வாகு வேற. 2012ல இதத் தெளிவா காட்டிட்டாங்க, எர்லோடினிப் மாரி மருந்து இந்த வாகுல நிக்கிற மோட்டார்ல சரியா பிடிக்காது, லபாடினிப் மாரி வேற வகை மருந்து நல்லா பிடிக்கும்னு. சரி அப்ப லபாடினிப் குடுக்க வேண்டியதுதானேன்னா, அது கட்டிக்குள்ள வேணுங்கிற அளவு போயிச் சேரல.

போயிச் சேராததுக்கு காரணம் மூளையோட ரத்தக்குழாய் சுவரு. மத்த எடத்துல ரத்தக்குழாய்ல சின்னச் சின்ன இடுக்கு இருக்கும், மூளையில செல்லுக்கு செல்லு தச்சமாரி ஒட்டியிருக்கும், அதயும் தாண்டி உள்ள நுழையிற மருந்த பி-கிளைகோபுரோட்டீன்னு ஒரு பம்பு பிடிச்சு வெளிய தள்ளிரும். ஜெஃபிடினிப், எர்லோடினிப், லபாடினிப் மூணையுமே அது தள்ளும். ஸ்கேன்ல கட்டி வெள்ளையா மின்னுத எடத்துல சுவரு ஓட்டையாத்தான் இருக்கும், அங்க மருந்து போகும், ஆனா கட்டியோட வேரு ஓடியிருக்கே, சர்ஜன் கண்ணுக்கு நல்ல மூளையாத் தெரியிற எடம், அங்கெல்லாம் சுவரு ஒழுங்காத்தான் இருக்கு.

சரி, எப்படியோ மருந்து உள்ள போயிருச்சுன்னே வச்சிக்கிடுவோம். அப்பவும் கேக்காது. இதப் புரிஞ்சிக்கிட நீங்க கல்லிடைக்குறிச்சிக்காரரா இருக்கது வசதி. தாமிரபரணியில கோடைமேலழகியான்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு இருக்கு, உங்க ஊருப்பக்கம் கன்னடியன் கால்வாய மட்டும் அடச்சிட்டா ஆத்துல தண்ணி நின்னுருமா? சுத்தமல்லிக்கு போகும், மருதூருக்கு போகும். இந்தச் செல்லுல ஈஜிஎஃப்ஆர் ஒண்ணு மட்டும் இல்ல, அதே மாரி வேற ஆன்டெனாங்க பிடிஜிஎஃப்ஆர் இருக்கு, மெட் இருக்கு, 2007லயே பாத்துட்டாங்க, ஒரே கட்டி செல்லுல மூணு நாலு ரிசெப்டர் (ஆன்டெனாவுக்கு அதான் பேரு) ஒரே நேரத்துல ஓடிக்கிட்டு இருக்கு, ஒண்ண அடச்சா மத்தது சிக்னல விடாம பிடிச்சிருது. அது போதாதுன்னு 2011ல இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க, ஒரே கட்டிக்குள்ள பக்கத்து பக்கத்து செல்லுங்களே வேற வேற, ஒண்ணுல ஈஜிஎஃப்ஆர் பெருகியிருக்கு, ஒட்டி நிக்கிறதுல பிடிஜிஎஃப்ஆர் பெருகியிருக்கு. இதுக்கெல்லாம் கீழ பிடென்னு ஒரு பிரேக் உண்டு, பத்தாவது குரோமோசோம்ல இருக்கு, கிளையோபிளாஸ்டோமாவுல பெரும்பாலும் அந்த குரோமோசோமே ஒண்ணு காணாமப் போயிருக்கும். பிரேக்கும் இல்லேன்னா மேல ஷட்டர எறக்கி என்ன பிரயோசனம், கீழ தண்ணி தானா ஓடுது. 2005ல ஒரு ஆய்வுல வேரியன்ட் த்ரீயும் இருந்து பிடெனும் நல்லா இருக்கவங்களுக்குத்தான் எர்லோடினிப், ஜெஃபிடினிப் கொஞ்சம் கேட்டுச்சுன்னு வந்துச்சு, ஊரே சந்தோஷப்பட்டுச்சு, அப்பறம் பெரிசா ட்ரையல் போட்டுப் பாத்தா அந்தச் சந்தோஷம் நெலைக்கல.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது 2014ல வந்த ஒரு பேப்பர்தான். இந்தப் பெருகிப்போன ஈஜிஎஃப்ஆர் ஜீனு குரோமோசோம்ல வரிசையா உக்காந்து இருக்கதில்ல, பெரும்பாலும் தனியா வளையம் வளையமா செல்லுக்குள்ள மிதக்குது. எர்லோடினிப் குடுத்தா செல்லுங்க அந்த வேரியன்ட் த்ரீ வளையத்த கொறச்சுக்கிடுதுங்க, மருந்துக்கு எலக்கே இல்லாமப் போயிருது, மருந்த நிறுத்துனா வளையம் திரும்ப ஏறிருது. ஆனித் தேரோட்டத்தப்ப டவுன் ரதவீதியில பாத்திருப்பீங்கல்லா, போலீஸ் ஜீப்பு வந்தா தள்ளுவண்டி எல்லாம் சந்துக்குள்ள போயிரும், ஜீப்பு அந்தாண்ட திரும்புனதும் பழையபடி வந்து நின்னுக்கிடும், அதேதான். வேரியன்ட் த்ரீய குறிவச்சு போட்ட ரிண்டோபெபிமட் தடுப்பூசி, கடைசிக் கட்ட ட்ரையல்ல 745 பேர சேத்தும் தோத்துச்சு. அதுல பாதிக்கு மேல ஆளுங்களுக்கு கட்டி திரும்ப வந்தப்ப வேரியன்ட் த்ரீ காணாமப் போயிருந்துச்சு, வேடிக்கை என்னன்னா தடுப்பூசி போடாத பக்கத்துலயும் அப்படித்தான். ஆன்டிபாடியில விஷத்தக் கட்டி அனுப்புன டிபாடக்ஸ்-எம்னு ஒரு மருந்து, அதயும் 2019ல நிறுத்திட்டாங்க, கண்ணு மங்குனதுதான் மிச்சம்.

இனி நீங்க கேக்காத கேள்விக்கு வாரேன், உண்மையில பெரியப்பாவுக்கு முக்கியமான கேள்வி அதான். ஈஜிஎஃப்ஆர் இருந்தா கீமோ கேக்குமா கேக்காதா? லேப்ல எங்க பொழப்பே இதுதான். 96 குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசு, ஒவ்வொரு குழியிலயும் சில ஆயிரம் செல்லு. ஒரு வரிசையில சாதா செல்லு, அடுத்த வரிசையில அதே செல்லுல வேரியன்ட் த்ரீய உள்ள ஏத்தினது, ரெண்டுக்கும் எடப்பக்கம் இருந்து வலப்பக்கமா மருந்த கூட்டிக்கிட்டே போவோம். மூணு நாள் கழிச்சு எம்டிடின்னு ஒரு மஞ்சத் தண்ணிய ஊத்துவோம், உசுரோட இருக்க செல்லு அத ஊதாவா மாத்தும், செத்தது மாத்தாது. அப்பறம் டிஎம்எஸ்ஓங்கிற கரைப்பான ஊத்தி கரைச்சா நாவப்பழத்த பிழிஞ்சமாரி இருக்கும். சிஸ்பிளாடின்ங்கிற கீமோ மருந்து போட்ட தட்டுல மேல் வரிசை நடுவுலயே வெளுத்துப் போயி தண்ணியாயிரும், கீழ் வரிசை இன்னும் நாலு குழி தாண்டியும் நாவப்பழமாவே நிக்கும். மெஷின்ல வைக்காமலே கண்ணால தெரியும். மொத தடவ நான் தட்ட மாத்தி வச்சிட்டேன்னு நினைச்சு திரும்பச் செஞ்சேன், ஒரு வாரம் போச்சு, அதே ரிசல்ட்டுதான்.

இதுக்கான காரணத்த 1998லயே சொல்லிட்டாங்க. ஓயாம ஓடுத அந்த ரிசெப்டரு உள்ள பிசிஎல்-எக்ஸ்எல்ங்கிற புரோட்டீன கூட்டி வச்சிருது, மருந்து டிஎன்ஏவ ஒடச்சாலும் "சரி செத்துருவோம்"னு செல்லு தனக்குத்தானே சொல்லுத கட்டம் இருக்கு பாருங்க, கேஸ்பேஸ்ங்கிற, செல்ல சாகடிக்குத என்சைம் வேல ஆரம்பிக்கிற கட்டம், அது தொடங்கவே விடாது. இன்னொரு வழியும் உண்டு, ரிசெப்டரே நியூக்ளியஸுக்குள்ள போயி டிஎன்ஏ ஒட்டுப்போடுத வேலைக்கு ஒத்தாசை பண்ணுது, ரேடியேஷன் குடுத்தாலும் அறுந்த நூல வேகமா முடிச்சுப் போட்டுருது. ஆனா மூளைக்கட்டிக்கு பெரியப்பாவுக்கு குடுக்கப் போறது சிஸ்பிளாடின் இல்ல, டெமோசோலமைடுங்கிற கீமோ கேப்சூல். அங்க கத வேற மாரி. 2020 வாக்குல ஜெர்மன் குழு ஒண்ணு, எம்ஜிஎம்டி மெத்திலேட்டட் கட்டியா இருந்தா (அது என்னன்னு அடுத்து சொல்லுதேன்) வேரியன்ட் த்ரீ இருக்க செல்லுங்க டெமோசோலமைடுக்கு இன்னும் லேசா சாகுதுன்னு தலைகீழா காட்டுனாங்க. ஒரே ரிசெப்டரு ஒரு மருந்துக்கு கவசம், இன்னொரு மருந்துக்கு பலவீனம். அதனால ஈஜிஎஃப்ஆர் ஆம்ப்ளிஃபைடுங்கிற ஒரு வரிய வச்சு கீமோ கேக்கும் கேக்காதுன்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

டெமோசோலமைடுக்கு தீர்ப்பு சொல்லுதது ரிப்போர்ட்ல அடுத்த வரி, எம்ஜிஎம்டி. அந்த மருந்து டிஎன்ஏவுல குவானின் எழுத்துமேல ஒரு மெத்தில் துண்ட ஒட்டிரும். எம்ஜிஎம்டிங்கிறது செல்லோட ரிப்பேர் புரோட்டீன், அந்தத் துண்ட பிடுங்கி தன்மேல ஒட்டிக்கிடும், ஒட்டுனதோட அது செத்துரும், ஒரு கறைக்கு ஒரு ஆளுன்னு கணக்கு. செல்லுக்குள்ள எம்ஜிஎம்டி நிறைய இருந்தா மருந்து தோக்கும், இல்லேன்னா கறை அப்படியே நிக்கும், அடுத்து டிஎன்ஏ காப்பி எடுக்கையில எதிர்ல தப்பான எழுத்து வந்து உக்காரும், தப்பு திருத்துற மெஷினு அந்த எழுத்த வெட்டும், திரும்ப அதே தப்பு வரும், திரும்ப வெட்டும், வெட்டி வெட்டியே நூலு அறுந்து செல்லு சாகும். மெத்திலேட்டட்னு எழுதியிருந்தா அந்த ஜீனோட சுவிட்ச்சுல பூட்டு போட்டாச்சு, எம்ஜிஎம்டி உருவாகாதுன்னு அர்த்தம், நல்ல செய்தி. உங்க பெரியப்பாவுக்கு அன்மெத்திலேட்டட், பூட்டு இல்ல.

இத மூடி மறைச்சு சொல்லத் தெரியல தம்பி. 2005ல வந்த 573 பேரோட பெரிய ட்ரையல்ல, ரேடியேஷன் மட்டும் குடுத்தவங்களுக்கு நடுமட்ட ஆயுள் 12.1 மாசம், கூட டெமோசோலமைடு குடுத்தவங்களுக்கு 14.6 மாசம், ரெண்டு வருஷம் தாண்டினவங்க 10.4 சதவீதத்துல இருந்து 26.5 சதவீதமா கூடுனாங்க. அத எம்ஜிஎம்டிய வச்சுப் பிரிச்சா மெத்திலேட்டட்ல 15.3ல இருந்து 21.7 மாசம், அன்மெத்திலேட்டட்ல 11.8ல இருந்து 12.7 மாசம். வித்தியாசம் ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது, மருந்து குடுத்த அன்மெத்திலேட்டட் ஆளுங்கள்லயும் 13.8 சதவீதம் பேரு ரெண்டு வருஷம் தாண்டியிருக்காங்க, இத விட நல்ல மாத்திரை கையில இல்லாததால 58 வயசுல நல்லா நடமாடுத ஆளுக்கு பெரும்பாலான டாக்டருங்க குடுக்கத்தான் செய்வாங்க, நானும் அதான் சரின்னு நினைக்கேன். நடுமட்டம்ங்கிறது பாதிப்பேரு அதத் தாண்டிப் போனாங்கன்னும் அர்த்தம்.

இன்னொரு சந்தேகம். ரிப்போர்ட்ல ஈஜிஎஃப்ஆர எந்த டெஸ்ட்ல பாத்தாங்கன்னு பாருங்க. ஐஹெச்சின்னு போட்டு 3 பிளஸ்னு இருந்தா அது புரோட்டீனுக்கு சாயம் ஏத்திப் பாத்தது, ஜீன் பெருகியிருக்கான்னு சொல்லுதது ஃபிஷ் இல்லேன்னா என்ஜிஎஸ். மூணும் ஒண்ணில்ல, நெறைய பேரு கொழப்பிக்கிடுதாங்க. ஆம்ப்ளிஃபிகேஷன் உண்மையா இருந்தா அதால வேற ஒரு பிரயோசனம் உண்டு, 2021 டபிள்யூஹெச்ஓ வகைப்பாட்டுப்படி மைக்ராஸ்கோப்ல கட்டி சாதுவாத் தெரிஞ்சாலும் ஐடிஹெச் வைல்ட்டைப்போட ஈஜிஎஃப்ஆர் பெருகியிருந்தா அது கிளையோபிளாஸ்டோமாதான். பேரு வைக்க உதவும், மருந்து எடுக்க இன்னும் உதவல.

வாட்ஸாப்புல வருமே, மஞ்சள்ல இருக்க குர்குமின் மூளைக் கேன்சர் செல்ல கொன்னுச்சுன்னு, அது பொய்யில்ல, தட்டுல கொன்னிருக்கும். எங்க தட்டுல கல்லுப்பு போட்டாலும் சாகும். அதுலயும் உலகம் பூரா இந்த வேலைக்கு வச்சிருக்க யு87ங்கிற செல்லு 1960கள்ல ஸ்வீடன்ல உப்சாலாவுல ஒரு நோயாளிகிட்ட எடுத்ததுன்னு சொல்லி வளத்தோம், 2016ல டிஎன்ஏ ஒப்பிட்டுப் பாத்தா செல் பேங்க்ல குடுத்தது அந்த ஆளோடதே இல்ல. கட்டியில இருந்து எடுத்த செல்ல பிளாஸ்டிக்ல வளத்தா பெருகுன ஈஜிஎஃப்ஆர அதுவே கொஞ்ச நாள்ல கழட்டி விட்டுரும் வேற, அதனாலதான் நாங்க வெளிய இருந்து ஏத்த வேண்டியிருந்துச்சு. நாவப்பழக் கலர பாத்து நான் அன்னைக்கு ரொம்பத்தான் துள்ளியிருக்கேன்.

இனி வீட்டு விஷயம். ஜெஃபிடினிப்ப யார்கிட்டயாச்சும் வாங்கி நீங்களா குடுத்துராதீங்க. ஃபிட்ஸுக்கு ஃபெனிடாயின் போடுதாருன்னா கல்லீரல் அந்த மாத்திரைய வேகமா கரைச்சிரும், பிரயோசனம் கொறையும், தோல்ல கொப்புளமும் வயித்தாலையும் மட்டும் பாக்கி. டெமோசோலமைடு வழக்கமா ரேடியேஷன் நடக்குத ஆறு வாரமும் தினம் உடம்பு பரப்பளவு ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், அப்பறம் 28 நாளைக்கு ஒருக்க அஞ்சு நாள் 150ல இருந்து 200 வரை, கணக்க டாக்டர் போடுவாரு. வெறும் வயித்துல, ராத்திரி படுக்கப் போறப்ப குடுத்தா வாந்தி கொஞ்சம் தாங்கும், அரைமணிக்கு முன்னால வாந்தி மாத்திரை. கேப்சூல ஒடைக்கவோ கரைக்கவோ கூடாது, முழுங்குனதும் வாந்தி எடுத்துட்டாருன்னா அன்னைக்கு இன்னொண்ணு குடுக்கக் கூடாது. ரத்தத்துல பிளேட்லெட் டெஸ்ட்ட ஒரு வாரம்கூட தள்ளிப் போடாதீங்க. மூளை வீக்கத்துக்கு டெக்ஸான்னு ஒரு ஸ்டீராய்டு குடுப்பாங்க, அதுல சுகர் எகிறும், பாக்க வாரவங்க ஆளுக்கு கால்கிலோ அல்வா கொண்டு வாரது நம்மூர் வழக்கம், வாசல்லயே வாங்கி வச்சிக்கிடுங்க.

பெரிய ஊருக்குப் போகணுமான்னும் கேட்டிருந்தீங்க. ரேடியேஷனும் டெமோசோலமைடும் எங்க போனாலும் இதே அட்டவணைதான், ஆறு வாரம் வாரத்துக்கு அஞ்சு நாள், பக்கத்துல இருந்தா பெரியம்மாவுக்கு அலைச்சல் மிச்சம். இன்னொரு அபிப்பிராயம் வேணும்னா ஆளத் தூக்கிக்கிட்டு போக வேண்டாம், ஆபரேஷன் பண்ண எடத்துல பாராஃபின் பிளாக்கையும் (மெழுகுல பதிச்சு வச்ச கட்டித் துண்டு) ஸ்லைடையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கிட்டு, எம்ஆர்ஐ சிடியோட திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரியோ அடையாறோ வேலூரோ ஒருத்தர் போயிட்டு வந்தாப் போதும். அங்க மூளைக்கட்டிக்கு ஏதும் ட்ரையல் நடக்கான்னும் அப்படியே கேட்டுருங்க, கேக்கையில ஈஜிஎஃப்ஆர் வரியயும் எம்ஜிஎம்டி வரியயும் சேத்தே காட்டுங்க.

ரிப்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்த, மெத்தட்னு போட்டிருக்க பக்கம், பெரியப்பா பேர மறைச்சுட்டு அனுப்புங்க, ஃபிஷ்ஷா ஐஹெச்சியான்னு பாத்துச் சொல்லுதேன்.